மூணாவது வரிசைச் சிரிப்பு

உங்களத் தெரியாதா எனக்கு. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பொம்பளைங்ககிட்ட ஊழியம் பண்ணப் போன ஒரு டீச்சரோட கதைன்னு காதுல விழுந்ததுமே ஆளாளுக்கு வசதியா சாஞ்சு உக்காந்துட்டீங்க. பாதிப் பேரு கைக்குட்டைய எடுத்து மடியில வச்சாச்சு. கடைசியில ஒருத்தி முழங்கால் போட்டு அழுவா, வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு ஆத்துல ஞானஸ்நானத்துக்கு முங்கி எந்திரிப்பான்னு. மீதிப் பேரு வேற எதையோ எதிர்பாத்துக்கிட்டு, அத வெளிய காட்டிக்காம மூஞ்சிய ரொம்ப சோகமா வச்சிருக்கீங்க. அந்த மூஞ்சிய நான் நல்லாவே போட்டுக் காட்டுவேன், இப்ப வேண்டாம். ரெண்டு கூட்டமும் கொஞ்சம் ஏமாறத்தான் போறீங்க. ஒரு வியாழக்கெழம காலம்பர, பத்தே முக்காலுலேர்ந்து பதினொன்னரை வரைக்கும், எப்சிபா டீச்சர் பழைய பஸ் ஸ்டாண்டுல ஒரு சிமெண்டு பெஞ்சுல உக்காந்திருந்தா. அவ்வளவுதான் கதை. அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்தி, மாரிக்கனி, வரணும். வரல.

மூணு வாரமா வரல. எப்சிபா கைப்பைய மடியில வச்சு, உள்ள சாவி இருக்கான்னு தொட்டுப் பாத்தா. இருக்கு. ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடியும் இருந்துச்சு. பழைய போர்டிங் சமையக்கட்டோட சாவி, ஒரு ஜாண் நீளம், துருவு விரல்ல ஒட்டுது, மோந்து பாத்தா ரத்தம் மாதிரி வாசனை, ஏன் மோந்து பாக்கணும், யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க. கைய சேலையில தொடச்சா. திருச்செந்தூர் பஸ்ஸு பின்னாடி வருது, கண்டக்டரு ஒத்தக் கால்ல தொங்கிக்கிட்டு, தூர் தூர் தூர் தூர்னு கடைசித் துண்ட மட்டும் வாயில போட்டு உருட்டுறான். எப்சிபா உதடு தன்னால அசைஞ்சுது. தூர் தூர். அந்த உருட்டல் தொண்டையில இல்ல, மேலண்ணத்துல. இது எப்பவும் அப்படித்தான், ஒரு சத்தம் காதுக்குள்ள போனா வாய் வழியாத்தான் வெளிய வரும், இருவத்தி ரெண்டு வருசம் பால்வாடியில காக்காயாவும் கரடியாவும் பாசஞ்சர் ரயிலாவும் இருந்து இருந்து இப்படி ஆகிப்போச்சு. ஆளுங்க முகம் அவளுக்கு மறந்துரும், கொரல் மறக்காது. தெருவுல யாராவது சிரிச்சுக்கிட்டே கிட்ட வந்தா, பேசுற வரைக்கும் யாருன்னு தெரியாம இவளும் சும்மா சிரிச்சு வைப்பா. பேசிட்டா முடிஞ்சுது, தாத்தன் பாட்டன் வரைக்கும் சொல்லிருவா. பெஞ்சு சூடேறிக்கிட்டு வந்துச்சு. நெழலுக்குப் போகலாம்னா தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி ஏற்கெனவே உக்காந்திருக்கா. தூணு நல்ல அகலம், சுத்திலும் நோட்டீஸு ஒட்டி ஒட்டிப் பொதபொதன்னு வீங்கி நிக்குது. இங்கேர்ந்து பாத்தா ஒரு முழங்கை, கொஞ்சம் பச்சை முந்தானை, முக்காடு போட்டிருக்கா போல. கொஞ்சம் நகந்து உக்காருங்கம்மான்னு வந்தவுடனே கேட்டாச்சு. பதில் இல்ல. முழங்கை மட்டும் ஒரு இஞ்சு உள்ள போச்சு. என்ன திமிரு, ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போகும். கெடக்கட்டும்.

கெடக்கட்டும். பாத்தீங்களா, நெனப்புலகூட அவ சொல்லு வந்து உக்காருது. அது மாரிக்கனி சொல்லு. அவ சாதாரண விசயத்துக்கெல்லாம் அத சொல்ல மாட்டா. இட்லி நல்லா இல்ல, வெயில் ஜாஸ்தி, போலீசுக்காரன் வந்தான், இதெல்லாம் மடமடன்னு வரும். ரொம்ப மோசமான ஒண்ணு சொல்லப் போறதுக்கு முன்னாடிதான், மூச்ச உள்ள இழுப்பா, நாக்கால மேல்பல்லுல ஒரு சொடுக்கு, ‘அது கெடக்கட்டும் ராசாத்தி’ம்பா, அப்புறம் ஒரு எடவெளி. அந்த எடவெளியிலதான் எல்லாம் இருக்கு. சரியா ரெண்டு மூச்சு. ஒரு மூச்சுல சொல்லிட்டா வேடிக்கைப் பேச்சு, மூணு மூச்சு விட்டா ஒப்பாரி. ரெண்டு. மொதல் நாளே காதுல விழுந்துருச்சு எப்சிபாவுக்கு. அன்னைக்கு சர்ச்சுப் பொம்பளைங்களோட ஐக்கிய சங்கத்துலேர்ந்து நாலு பேரு வந்தாங்க, சுவிசேசக் கைப்பிரதி குடுக்க. மத்த மூணு பேரும் தூரத்துலேர்ந்தே கைய நீட்டி, பொம்பளைங்க பிடிச்சதும் சூடு பட்ட மாதிரி வெடுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. மாரிக்கனி அத ரெண்டா மடிச்சு விசிறிக்கிட்டே, ‘டீச்சரு, இதுல படம் ஏதும் போட மாட்டியளா, எழுத்துக் கூட்டிப் படிக்கதுக்குள்ள பஸ்ஸு போயிரும்’ன்னா. எப்சிபாவுக்கு என்ன தோணுச்சோ, சேகரத்து ஐயர், அதான் அவங்க சர்ச்சுப் போதகர், அவர் கொரல்ல படிச்சுக் காட்டினா. ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு இழுப்பு, நடுவுல தொண்டைய செருமுறது, மைக்க ரெண்டு தட்டு தட்டி ‘கேக்குதா’ங்கறது. அஞ்சு பொம்பளைங்க தரையில உக்காந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டாங்க. மத்த மூணு சகோதரிகளும் அடுத்த வாரத்துலேர்ந்து வரல. இவ மட்டும் வந்தா, வியாழன் தவறாம, ஒன்னேகால் வருசம். ஜெபம் பண்ணட்டுமான்னா பண்ணுங்கம்பாங்க. ஐயரு மாதிரி பண்ணுங்கம்பாங்க. ஆண்டவரே இது குத்தமான்னு ராத்திரி கேட்டுக்குவா, அவரும் அந்தப் பக்கம் சிரிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

பதினொன்னாயிருக்கும். கடியாரத்தப் பாக்காதே. பாத்தாச்சு. பதினொன்னுக்கு ரெண்டு நிமிசம். எந்திரிச்சு ஒரு நடை போயி கட்டணக் கழிப்பறை வாசல் வரைக்கும் எட்டிப் பாத்துட்டு வந்தா. அது இந்தப் பெஞ்சுக்கு நேர் எதுர, இவ கண்ணுல படாம யாரும் உள்ள போக முடியாது. உள்ள போனா தாப்பா கெடையாது, ஒரு கையால கதவப் பிடிச்சுக்கணும், வெளிய நின்னுக்கிட்டு இருக்கிற பய கதவ வேணுமின்னே தட்டுவான். ஒனக்கு ஆண்டவர் என்ன செய்யணும்னு ஒரு நாள் இவ பெரிய ஊழியக்காரி மாதிரி கேட்டப்ப, மாரிக்கனி யோசிச்சா, நெசமாவே யோசிச்சா, ‘மத்தியானம் கால நீட்ட ஒரு எடம்’ன்னா. சொடுக்கு. ‘அது கெடக்கட்டும் ராசாத்தி.’ ரெண்டு மூச்சு. ‘உள்பக்கம் தாப்பா போட்ட ஒரு கக்கூசு. நிம்மதியா ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நாளாச்சு தெரியுமா.’ அவ்வளவுதான் கேட்டா. கோயில் காம்பவுண்டுக்குள்ள போர்டிங் சமையக்கட்டு பதினாலு வருசமா பூட்டிக் கெடக்கு, பின்னாடியே ரெண்டு கக்கூசு, ரெண்டுலயும் தாப்பா. இவ ஐயர்கிட்ட கேட்டா. ஐயர் கமிட்டியக் கேக்கணும்னார். கமிட்டி ஐக்கிய சங்கத்தக் கேக்கணும்னுச்சு. ஐக்கிய சங்கத்துல, அந்த மாதிரி ஆளுக காம்பவுண்டுக்குள்ளயான்னு ஒருத்தி கேட்ட கேள்விய எப்சிபாவால இன்னைக்கும் அதே ஏத்த எறக்கத்தோட சொல்ல முடியும். அதனாலதான் ஐயரோட சம்சாரம், ஐயரம்மா, சொன்னாங்க, சங்கத்து ஆண்டு விழாவுல ஒங்க ஊழியத்தப் பத்தி அஞ்சு நிமிசம் சாட்சி சொல்லுங்க டீச்சர், மனசுல தைக்கிற மாதிரி.

தைச்சுது. அய்யோ, நல்லாத் தைச்சுது. இல்ல, அத இப்ப நெனக்க வேண்டாம். பையில சாவி இருக்கா. இருக்கு. பேரச் சொன்னேனா நான். ஊரச் சொன்னேனா. ஒரு சகோதரின்னுதானே சொன்னேன். ஒரு சகோதரி. பேரச் சொல்லல. ஒரு பெட்டிசன் மாதிரி எழுதித்தான் கொண்டு போனா, மொதல் ரெண்டு வரி படிச்சா, மைக்கு கொய்ங்குது, பொம்பளைங்க விழா நோட்டீஸால விசிறிக்கிட்டு அசனச் சாப்பாட்டு வாசனையில மூக்க அங்க வச்சிருக்காங்க, ஒருத்தி பிள்ளைக்கு ஜடை போடுறா. கேக்கலையே. யாரும் கேக்கலையே. தாப்பாவும் போச்சு, கக்கூசும் போச்சு. அப்பத்தான் இவ பேப்பர மடிச்சா. மூச்ச உள்ள இழுத்தா. தொண்டையக் கொஞ்சம் கரகரப்பாக்கி, ஒரு தோள எறக்கி, வெத்தல போட்ட வாய் மாதிரி கீழுதட்ட முன்னாடி கொண்டு வந்து, ‘மத்தியானம் கால நீட்ட ஒரு எடம்’. ஜடை போட்ட கை நின்னுச்சு. அங்கேர்ந்து இவ பேசல, மாரிக்கனி பேசினா. புருசன் விட்டுட்டுப் போனது, மண்டபத்துல பாத்திரம் வெளக்கப் போறேன்னு லைன் வீட்டுல சொல்லிட்டு வாறது, திரும்பிப் போறப்ப கையில சாம்பல் பூசிக்கிட்டுப் போறது. பாத்திரம் வெளக்கின கைன்னு நம்பணுமே, அதுக்கு. அந்த சாம்பல் எடத்துல எல்லாரும் மூக்க உறிஞ்சுனாங்க, ஐயரம்மா கண்ணாடியக் கழட்டுனாங்க. இவ சரியான எடத்துல நிறுத்துனா. சொடுக்கு. ‘அது கெடக்கட்டும் ராசாத்தி.’

அப்பத்தான் அந்தச் சிரிப்பு. மூணாவது வரிசை, கோடு போட்ட சேலை, மடியில பழுப்புப் பை. எல்லாரும் அழுவுற எடத்துல ஒருத்தி மட்டும் சிரிச்சா. சிரிப்புல ரெண்டு சாதி இருக்கு, மிமிக்ரி பண்றவங்களுக்கு மட்டும் தெரியும். வேடிக்கைக்குச் சிரிக்கிறது வயித்துலேர்ந்து வரும். ஆள அடையாளம் கண்டுக்கிட்டு சிரிக்கிறது மூக்குலேர்ந்து வரும், ஒரு ‘ஹ்ம்’ முன்னாடி வரும், அட நம்ம இவளான்னு. பால்வாடியில ஆயாம்மாவப் போட்டுக் காட்டினா பிள்ளைங்க சிரிக்குமே, அது. மிமிக்ரிக்காரங்களுக்கு அதுதான் பரிசு, கைதட்டெல்லாம் அதுக்கு அப்புறம். மூக்குலேர்ந்து ஒரு ‘ஹ்ம்’ வந்துச்சு, எப்சிபாவுக்கு முதுகுத்தண்டுல ஜிவ்வுன்னு ஏறுச்சு. அந்த ரெண்டு மூச்சு எடவெளியில அவளுக்குத் தெரியும். ஆமா தெரியும். தெரியாதுன்னு மூணு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கா, ஆனா தெரியும். அந்தப் பொம்பளைக்கு மாரிக்கனியத் தெரியும். இந்தக் கொரல தெனம் கேக்கிற ஆளு. நிறுத்தியிருக்கலாம். இருமியிருக்கலாம், தண்ணி குடிச்சிருக்கலாம், ஐயர் கொரலுக்குத் தாவியிருக்கலாம். என்ன செஞ்சா. இன்னொரு தரம் செஞ்சா. தேவையே இல்ல, சாட்சி முடிஞ்சு போச்சு, எல்லாரும் அழுதாச்சு, சாவி கெடச்ச மாதிரிதான். அந்தச் சிரிப்புக்காக, மூணாவது வரிசையப் பாத்துத் திரும்பி நின்னு, இன்னும் கொஞ்சம் தெளிவா, சொடுக்கு, ‘அது கெடக்கட்டும் ராசாத்தி’. ஆனா ரெண்டாந்தரம் அந்தப் பொம்பள சிரிக்கல. வாயில சிரிப்பு பாதியில நின்னு, அப்படியே உறைஞ்சு, பழுப்புப் பைய மார்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டா. விழா முடிஞ்சு, யாரு அவங்கன்னு ஐயரம்மாகிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டா. இன்பஜோதி அக்கா, பக்கத்து சேகரத்துலேர்ந்து வந்திருக்காவ, மில் லைன்ல நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்காவ. மில் லைன். மாரிக்கனி இருக்கறதும் மில் லைன். அன்னைக்கு அசனச் சோறு எப்சிபாவுக்கு உள்ள எறங்கல, ஆனா ரெண்டாவது குழம்பு கேட்டு வாங்கினா, அதுவும் ஞாபகம் இருக்கு.

எத்தன வாடகைக்காரங்க இருப்பாங்க. நாலு வீடு. நாலுல ஒண்ணா இருக்கணும்னு என்ன. லைன்ல நூறு வீடு இருக்கும். அவங்க சும்மா சிரிச்சிருக்கலாம். மூக்கடைப்பா இருக்கலாம். ஜலதோசத்துக்கு மூக்குலேர்ந்து வராதா. தேடிப் போயிரலாம்னு ரெண்டு தடவ மில் லைன் முக்கு வரைக்கும் ஆட்டோவுல போனா. போயி என்னன்னு கேக்க, யாருன்னு சொல்ல, பஸ் ஸ்டாண்டுல ஊழியம் பண்ற டீச்சர்னு தெருவுல நின்னா அதுவே அவளக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகிருமே. அப்ப இன்னும் காட்டிக் குடுக்கலன்னு அர்த்தமா. ஆட்டோக்காரர் எறங்கலையா அம்மான்னார். அவர் கொரல் கணீர்னு இருந்துச்சு. வேண்டாம், அவரையும் ஆரம்பிச்சுராதே. இன்னைக்கு வந்தான்னா என்ன சொல்றது. அத யோசி. மாரிக்கனி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இந்த வரி ஐயர் இழுப்புல வருது. தப்புப் பண்ணிட்டேஏஏன். ச்சே. மறுபடி. கனி, என்ன மன்னிச்சிரு. இது ரேடியோவுல சாயங்காலம் பேசுற எழுப்புதல் ஊழியக்காரர். மறுபடி. மன்னிச்சிரும்மா. இது ஐயரம்மா, கண்ணாடியத் தொடைக்கிற வரைக்கும் அச்சு அசல். ஒரு மன்னிப்புக்கு நமக்குன்னு ஒரு கொரல் வேண்டாமா. ஐம்பத்தி ரெண்டு வயசாச்சு. வீட்டுல அவ வீட்டுக்காரர் தவசிங்கிட்ட ரசத்துல உப்பு போதுமான்னு கேக்கறது யாரு கொரல்ல. யோசிச்சுப் பாத்தா அது அவரோட அம்மா கொரல், அவரச் சிரிக்க வைக்கக் கல்யாணமான புதுசுல ஆரம்பிச்சது, திருப்பி வைக்கவே இல்ல. எல்லாத்தையும் வாங்கி வாங்கி உள்ள வச்சிருக்கோம், நம்மளது எங்க வச்சோம். பெஞ்சு சுடுது. எந்திரிச்சா, உக்காந்தா.

‘என்ன டீச்சரக்கா, பெஞ்சுல எறும்பா’ன்னு உச்சிமாகாளி கேட்டா. வெள்ளரிப்பிஞ்சு விக்கிறவ, கூடையோட வந்து பெஞ்சுக்கும் தூணுக்கும் நடுவுல குத்துக்கால் போட்டு உக்காந்தா. பஸ்ஸு வந்தா ஓடுவா, போனா வந்து உக்காருவா, பஸ் ஸ்டாண்டுல அவளுக்குத் தெரியாம ஒரு ஈ பறக்காது.

‘மாரிக்கனிக்காகப் பாக்கேன் உச்சி. இன்னைக்காவது வருவாளா.’

உச்சி ஒரு பிஞ்ச எடுத்து நுனிய அறுத்தா. அறுத்துக்கிட்டே தூணுப் பக்கம் ஒரு பார்வை. அவுட்போஸ்டுல போலீசு நிக்கான்னு பாக்கா போலன்னு எப்சிபா நெனச்சா.

‘வந்தா வருவா. நீங்க ஏன் வெயில்ல காயுதியோ. வீட்டுக்குப் போங்க.’

‘போறேன், போறேன். தூத்துக்குடி பஸ்ஸு வரட்டும்.’

‘அப்ப அதுவரைக்கும் ஐயரு மாதிரி ரெண்டு வார்த்த பேசுங்க, கேட்டு நாளாச்சு.’

எப்சிபா பேசினா. மைக்க ரெண்டு தட்டு, கேக்குதா, பின் வரிசை சகோதரிகள் முன்னால வரவும், முன் வரிசை சகோதரிகள் தூங்காம இருக்கவும். உச்சி சிரிச்சா. ஆனா அரை மூச்சு தாமதமா சிரிச்சா, எப்சிபாவுக்கு அது உடனே காதுல இடிச்சுது. தூணுக்கு அந்தப் பக்கம் சிரிப்பே இல்ல. ஒரு சத்தம் இல்ல. ஐயர் கொரலுக்கு இதுவரைக்கும் இந்த பஸ் ஸ்டாண்டுல சிரிக்காத ஆளு இருந்ததில்ல, போலீசுக்காரரே சிரிச்சிருக்கார். பச்சை முந்தானை இன்னும் கொஞ்சம் உள்ள போச்சு. செவிடோ என்னமோ, பாவம். அதான் நகரச் சொன்னப்பவும் பதில் இல்ல, நாமதான் திமிருன்னு நெனச்சோம். பாத்தியா, மனுசங்கள எவ்வளவு சீக்கிரம் தீத்துக் கட்டிர்றோம். பையில கைய விட்டு சாவிய எடுத்து, உச்சிகிட்ட நீட்டிக் காட்டினா.

‘இது என்ன தெரியுமா. கமிட்டியில ஒத்துக்கிட்டாங்க. ரூமு, தண்ணி, உள்பக்கம் தாப்பா, எல்லாம் இருக்கு. மொதல்ல அவ கையிலதான் குடுக்கணும்னு வச்சிருக்கேன். அவதானே கேட்டா.’

உச்சி சாவியப் பாத்தா, தொடல. தூத்துக்குடி பஸ்ஸு வந்துச்சு. ஓடலையே இவ, பஸ்ஸு வந்தா ஓடுவாளே. பஸ்ஸு நின்னுச்சு, ஆளுங்க எறங்குனாங்க, உச்சி கூடையப் பிடிச்சபடி உக்காந்தே இருந்தா. இப்பக் கேட்டுரணும். நேராக் கேட்டுரணும். உச்சி, அவளுக்கு என்ன ஆச்சு, என்னாலயா. நாலு வார்த்தை. ஐயர் இல்லாம, ஐயரம்மா இல்லாம, மாமியார் இல்லாம, சொந்தமா நாலு வார்த்தை. வாயத் தொறந்தா. மூச்சு உள்ள போச்சு. பயத்துல நாக்கு மேல்பல்லுல ஒட்டிக்கிட்டு, விடுபடுறப்ப ஒரு சொடுக்கு. அவ நினைக்கல, சத்தியமா நினைக்கல, வந்துருச்சு, கரகரன்னு, வெத்தல வாயோட, எடவெளி உட்பட.

‘அது கெடக்கட்டும் ராசாத்தி. அவ எங்க.’

உச்சி கையில கத்தி பிஞ்சுல பாதி எறங்கி நின்னுச்சு. தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு கை வந்து பச்சை முந்தானைய இழுத்து வாயப் பொத்துறது இங்க வரைக்கும் தெரிஞ்சுது. அந்த விரல் நகத்தோரமெல்லாம் கழுவியும் போகாத சாம்பல்.

‘யக்கா, அந்தக் கொரல விட்ருங்க,’ன்னா உச்சி. மெதுவாத்தான் ஆரம்பிச்சா, அப்புறம் நிறுத்த முடியல. ‘அவ எங்கயும் போவல. இந்தா, தூணுக்கு அந்தாண்ட, நீங்க வாறதுக்கு முன்னாடியே ஒக்காந்திருக்கா. வீட்டுக்காரம்மா அன்னைக்கே சட்டிபானையத் தூக்கி வெளிய வச்சிட்டாவ, ஒங்க கோயில்ல யாரோ அவளாட்டமே பேசிக் காமிச்சாவன்னு லைனு பூரா சொல்லிட்டாவ. மூணு வாரமா வாயத் தொறக்கல யக்கா அவ, கொரலக் கேட்டா ஆளத் தெரிஞ்சிருமின்னு வாற ஆளுககிட்டகூட சைகைதான். நீங்க எப்ப போவியோன்னு பாத்துக்கிட்டு கெடக்கா. எந்திச்சுப் போங்க. ஒங்களத் தாண்டித்தான் போவணும், அவளுக்கு ஒரு மணி நேரமா ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்கி.’